தன் வரலாறும் பிறர் நலமும்

தன்னைத் தானே புகழ்ந்து கூறுதல் தகாது என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. ஒருவன் நூல் செய்தால், அதன் சிறப்பை எடுத்துரைக்கும் பாயிரத்தைக்கூட அவன் செய்துகொள்ளலாகாது. அவனுடைய ஆசிரியனோ, உடன் பயின்றவனோ, மாணாக்கனோ, உரைகாரனோ செய்தல் வேண்டும் என்று நன்னூல் விதிக்கின்றது. ஆயினும், அதனை இயற்றிய பவணந்தி முனிவர் உலகியலை நன்குணர்ந்தவர். ஆதலின், புலவன் தன்னை உயர்த்திப் பேசத் தகும் இடங்கள் நான்கு உள என்றும் அவர் வரையறுத்தார். அரசனது மன்றத்துக்கு ஓலை விடுக்கும் பொழுதும், தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும் பொழுதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதும், எதிரி தன்னைப் பழித்த பொழுதும் அவ்வாறு பேசுதல் குற்றமாகாது என்பது அவர் தந்த விலக்கு.

புகழைச் சொல்லுதற்கே இத்துணைக் கட்டுப்பாடு என்றால், தான் பட்ட அடியையும் பசியையும் இழிவையும் ஊரறிய எழுதுதற்கு எவ்வளவு கூச்சம் உண்டாகும்! எழுதுவோன் இரக்கம் தேடுகின்றான் எனச் சிலர் எண்ணுவர். பழிதீர்த்துக்கொள்கின்றான் எனச் சிலர் கூறுவர். பொய் புனைகின்றான் என்று தள்ளிவிடுவோரும் உளர். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு, தம் துயரைத் தமக்காக அன்றிப் பிறர்க்காக எழுதியோர் உலகில் சிலரே. அவருள் ஒருவர் அமெரிக்க நாட்டில் அடிமையாய்ப் பிறந்து வளர்ந்த பிரெடரிக் டக்ளஸ். அவர் எதனைச் சொன்னார், எதனைச் சொல்லாது வைத்தார், சொன்னதில் எதனைப் பின்னர்த் திருத்திக்கொண்டார் என்று நோக்கினால், இவ்வகை நூல் எழுதுதல் எத்தகைய பொறுப்புடையது என்பது விளங்கும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தும் அடிமை முறை சட்டத்தின் துணையோடு நிலவி வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களும் அவர்தம் வழியினரும் ஆடுமாடுகளைப் போல விற்கவும் வாங்கவும் பெற்றனர். தாய் அடிமையாயின் அவள் வயிற்றுப் பிள்ளையும் அடிமையே. மேரிலாந்து மாநிலத்தில் டால்பட் என்னும் வட்டத்தில், ஹாரியட் பெய்லி என்னும் அடிமைப் பெண்ணுக்கு மகனாகப் பிறந்தவர் பிரெடரிக். தம் பிறந்த நாளை அவர் அறியார். அடிமைகளுள் அதனை அறிந்தவரைத் தாம் கண்டதில்லை என்றே அவர் தம் நூலைத் தொடங்குகின்றார். விதைக்கும் காலம், அறுக்கும் காலம் என்று பண்ணை வேலையைக் கொண்டே அவர்கள் தங்கள் வயதைக் கணக்கிட்டனர். வெள்ளைச் சிறுவர் தத்தம் வயதைச் சொல்லக் கேட்டு, அந்த உரிமை தமக்கு மட்டும் ஏன் இல்லை என்று அவர் இளமையிலேயே வருந்தினார்.

தாயின் அணைப்பும் அவர்க்குக் கிட்டவில்லை. கைக்குழந்தையாய் இருந்த பொழுதே தாயையும் மகனையும் பிரித்துவிட்டனர். தாய் ஏறத்தாழ 12 மைல் தொலைவில் வேறொருவர் வயலில் வேலை செய்தாள். பகலெல்லாம் உழைத்து, இரவில் அத்தொலைவை நடந்து வந்து, மகன் பக்கத்தில் படுத்து உறங்கச் செய்து, அவன் விழிக்குமுன் திரும்பிவிடுவாள். விடியற்பொழுதில் வயலில் நில்லாவிடில் சவுக்கடி காத்திருந்தது. அத்தாயைத் தம் வாழ்நாளில் நான்கைந்து முறைக்கு மேல் கண்டதில்லை என்று டக்ளஸ் எழுதுகின்றார். அவர்க்கு ஏறத்தாழ ஏழு வயது ஆன பொழுது அவள் இறந்தாள்; இறந்த செய்தியே அடக்கம் முடிந்து பல நாள் கழித்துத்தான் அவர் காதுக்கு எட்டியது.

1826-ஆம் ஆண்டு அவர் பால்டிமோர் நகரத்தில் ஹியூ ஆல்டு என்பவர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அவ்வீட்டுத் தலைவி சோபியா, முன்பு அடிமை எவரையும் வைத்து ஆண்டறியாதவர். அவர் சிறுவரிடம் அன்பு காட்டி, ஆங்கில நெடுங்கணக்கையும் சிறு சொற்களையும் கற்பித்தார். இதனை அறிந்த கணவர் உடனே தடுத்துவிட்டார். எழுத்தறிந்த அடிமை அடிமைக்கு உதவான் என்பது அவர் கருத்து. அவர் மனைவிக்குக் கூறிய அச்சொற்கள் பக்கத்தில் நின்ற சிறுவர் நெஞ்சில் வேறு பொருளில் பதிந்தன. எது கூடாது என்று ஆண்டை அஞ்சுகின்றானோ அதுவே விடுதலைக்கு வழி என்று அவர் உணர்ந்துகொண்டார். அன்றுமுதல் கடைக்கு ஏவப்படும் பொழுதெல்லாம் ஒரு புத்தகத்தையும் சில ரொட்டித் துண்டுகளையும் எடுத்துச் செல்வார். தெருவில் இருந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து எழுத்தைப் பெறுவார். கப்பல் கட்டும் துறையில், மரம் கப்பலின் எப்பக்கத்துக்கு உரியது என்று குறிக்கத் தச்சர்கள் அதன்மேல் தீட்டிய எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினார். வேலியும் செங்கற்சுவரும் அவர்க்குப் பலகை. சுண்ணக்கட்டி அவர்க்கு எழுதுகோல்.

வளர்ந்தபின் அவர் கப்பல்துறையில் கலப்பற்றுத் தொழில் செய்தார். மரக்கலத்தின் பலகைகளுக்கு இடையே நாரைச் செருகி நீர் புகாமல் அடைக்கும் வேலை அது. நாளொன்றுக்கு ஒன்றரை டாலர் கூலி. வாரம் முடிந்ததும் கூலி முழுவதையும் ஆண்டையின் கையில் கொடுத்துவிட வேண்டும். இடையில் அவர் வேறொரு பண்ணையாரிடம் ஓராண்டு பட்ட சவுக்கடிகள் பல. அவற்றை விரிப்பின் பெருகும். 1838-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் அவர் பால்டிமோரை விட்டுத் தப்பினார். தப்பிய வழி யாது என்பதை இவ்விடத்தில் கூறாது விடுதலே பொருத்தம். அவரே அதனை நெடுங்காலம் எழுதாமல் விட்டார்.

வடபுலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்போர்டு என்னும் துறைமுக நகரில் அவர் குடியேறினார். பெய்லி என்னும் பெயரை விடுத்து டக்ளஸ் என்னும் பெயரை மேற்கொண்டார். கப்பலில் சுமை ஏற்றியும் விறகு பிளந்தும் பிழைத்தார். 1841-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாண்டகெட் தீவில் அடிமை ஒழிப்பாளர் கூட்டம் ஒன்று கூடிற்று. அங்கே டக்ளஸ் எழுந்து நடுக்கத்தோடு சில சொற்கள் பேசினார். கேட்டோர் உள்ளம் கலங்கினர். அதன்பின் அடிமை ஒழிப்புச் சங்கத்தார் அவரைத் தங்கள் பேச்சாளராக அமர்த்திக்கொண்டு ஊர்தோறும் அனுப்பினர்.

இங்கேதான் சிக்கல் தோன்றியது. டக்ளஸின் பேச்சு நாளுக்கு நாள் தெளிவும் மிடுக்கும் பெற்றது. அவர் கற்றவரைப் போலப் பேசியதனாலேயே கேட்டோர் சிலர் ஐயுறத் தலைப்பட்டனர். ‘இவர் எந்த ஊரினர் என்று சொல்லவில்லை, ஆண்டையின் பெயரைச் சொல்லவில்லை, அடிமையைப் போலப் பேசவும் இல்லை, இவரா அடிமையாய் இருந்தவர்?’ என்று அவர்கள் தமக்குள் முணுமுணுத்தனர். நண்பர்களோ அவரை வேறு வகையில் கட்டுப்படுத்தினர். நடந்ததை மட்டும் சொன்னாற் போதும், அதன் உட்பொருளைத் தாங்கள் விரித்துரைத்துக்கொள்வோம் என்றனர். பண்ணையாட்களின் கொச்சைமொழி பேச்சில் சிறிது இருத்தல் நலம் என்றும் அறிவுரை கூறினர். தம்மைப் பொய்யர் என்போர் ஒருபுறம், தம் அறிவை மறைத்துக்கொள்ளச் சொல்வோர் மறுபுறம். பவணந்தியார் கூறிய நான்கனுள் இரண்டு இடங்கள் ஒருங்கே வந்து வாய்த்தன அன்றோ?

ஐயத்தை நீக்க வேண்டுமானால் ஊரும் பேரும் வெளிப்படச் சொல்லியாக வேண்டும். ஆனால், தப்பிய அடிமை எந்த மாநிலத்தில் ஒளிந்திருந்தாலும் அவனைப் பிடித்துச் செல்ல ஆண்டைக்கு உரிமை உண்டு என்று 1793-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ‘நான் இன்னாருடைய அடிமை, இன்ன இடத்தில் வாழ்கின்றேன்’ என்று அச்சிட்டு வெளியிடுவது, பிடிப்பவர்க்குத் தாமே வழிகாட்டுவது போலாகும். மனைவியும் சிறு குழந்தைகளும் உடையவர் அவர். இவ்வளவும் தெரிந்தே டக்ளஸ் எழுதத் துணிந்தார்.

1845-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் அந்நூல் வெளிவந்தது. ‘ஓர் அமெரிக்க அடிமையாகிய பிரெடரிக் டக்ளஸின் வாழ்க்கை வரலாறு’ என்று பெயரிட்டு, அதன்கீழ் ‘தாமே எழுதியது’ என்றும் பொறித்திருந்தனர். விலை அரை டாலர். நூலின் முகப்பில் பாயிரம் போல் இருவர் எழுதினர்: ஒருவர் அடிமை ஒழிப்பு இயக்கத் தலைவர் வில்லியம் லாயிட் காரிசன், மற்றவர் வெண்டல் பிலிப்ஸ். டக்ளஸின் இடத்தில் தாம் இருந்தால் கையெழுத்துப் படியை நெருப்பில் எறிந்துவிடக்கூடும் என்று பிலிப்ஸ் தம் கடிதத்தில் வெளிப்படையாகவே எழுதினார். சட்டம் அவரைக் காவாது என்பதை அவர் அறிவார். உண்மை கூறுகின்றார் என்பதற்கு வெள்ளையர் இருவர் சான்று தேவையாய் இருந்தது அன்றைய நிலை. பத்தாண்டுகள் கழித்து டக்ளஸ் தம் வரலாற்றை விரித்து மீண்டும் எழுதிய பொழுது, அதற்கு முன்னுரை எழுதியவர் ஜேம்ஸ் மெக்கியூன் ஸ்மித் என்னும் கறுப்பின மருத்துவர். இதுவும் கருதத் தக்கது.

இனி, அந்நூல் துன்பத்தைச் சொல்லும் முறையைக் காண்போம். அழுகையும் அரற்றலும் அதில் குறைவு, கணக்கு மிகுதி. வளர்ந்த அடிமை ஒருவனுக்குத் திங்கள் ஒன்றுக்கு 8 இராத்தல் பன்றியிறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன். ஒரு புஷல் சோளமாவு. ஆண்டு ஒன்றுக்கு முரட்டுத் துணிச் சட்டை இரண்டு, காற்சட்டை ஒன்று, குளிர்காலத்துக்கு ஒரு காற்சட்டையும் ஒரு மேற்சட்டையும், காலுறை ஒரு சோடி, செருப்பு ஒரு சோடி. வேலை செய்யாத சிறுவர்க்குச் செருப்பும் இல்லை, காலுறையும் இல்லை. முழங்கால் வரை தொங்கும் சட்டை மட்டும். அது கிழிந்துவிட்டால் மறு ஆண்டு வரையில் அம்மணமே. பண்டகசாலைக் கணக்கன் எழுதுவதைப் போல அவர் இவற்றை எழுதிச் செல்கின்றார். படிப்பவர் தாமே கூட்டிப் பார்த்துக் கொதிக்கின்றனர். ஓரிடத்தில் மட்டும் அவர் தம்மை மறந்து ஒன்று சொல்கின்றார். பனியில் வெடித்த தம் காற்பிளவுகளில், இப்பொழுது எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை வைத்துவிடலாம் என்கின்றார். எழுதும் கையும் வெடித்த காலும் ஒருவருடையனவே என்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு காட்டுவது?

வெளியில் இருப்போர் தவறாக உணர்ந்த ஒன்றை உள்ளிருந்தவர் திருத்துதலும் இத்தகைய நூலின் பயன். பண்ணையடிமைகள் வழிநடையில் உரக்கப் பாடுவது வழக்கம். அதனைக் கேட்டு, அவர்கள் மனநிறைவோடு வாழ்கின்றனர் என்று வடபுலத்தார் பலர் நம்பினர். துயரம் மிகுந்த பொழுதே அடிமைகள் மிகுதியாகப் பாடினர் என்றும், அழுகை நெஞ்சை ஆற்றுவது போல அப்பாட்டு அவர்களை ஆற்றியது என்றும் டக்ளஸ் விளக்கினார். வட்டத்துக்குள் இருந்த பொழுது அப்பாடல்களின் ஆழம் தமக்கும் விளங்கவில்லை என்று அவர் சேர்த்துச் சொல்வது அவருடைய நேர்மையைக் காட்டுகின்றது.

பெயர்களைச் சொல்லுவதில் அவர் சிறிதும் தயங்கவில்லை. கர்னல் லாயிடு என்னும் பெருநிலக்கிழாரின் பண்ணையில் ஆஸ்டின் கோர் என்னும் மேற்பார்வையாளன் இருந்தான். டெம்பி என்னும் அடிமை சவுக்கடிக்குத் தப்பி ஓடையில் இறங்கி நின்றான். மூன்று முறை கூப்பிட்டும் வாராமையால் கோர் அவனைச் சுட்டுக் கொன்றான். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. கண்டோர் அனைவரும் அடிமைகள். வெள்ளையனுக்கு எதிராக அடிமை சான்று சொல்லுதல் சட்டத்தில் செல்லாது. நீதிமன்றம் கேளாத அச்சான்றைத்தான் டக்ளஸ் பெயரும் இடமும் சுட்டி அச்சில் ஏற்றினார். தம்மைப்போல் தப்பி வந்து பேச இயலாதார் இலட்சக்கணக்கானோர் இருந்தனர். அவர்க்காகவும் பேசிய நூல் அது.

நூல் விரைந்து பரவியது. ஐந்தாண்டுகளுக்குள் அமெரிக்காவிலும் பிரிட்டன், அயர்லாந்து நாடுகளிலும் ஏறத்தாழ 30,000 படிகள் விற்றன. எதிர்ப்பும் உடனே எழுந்தது. டெலவேர் மாநிலத்தைச் சார்ந்த தாம்சன் என்பவர், நூலில் குறித்த பண்ணையார் யாவரும் நல்லவர் என்றும் நூல் பொய் நிறைந்தது என்றும் செய்தித்தாளில் எழுதினார். அத்தோடு அவர் நில்லாமல், இந்த டக்ளஸைத் தாம் அறிந்தவர் என்றும், அந்நாளில் அவர் பெயர் பிரெடரிக் பெய்லி என்றும், கல்வியில்லாத அடிமையாகிய அவர் இத்தகைய நூலை எழுதியிருக்க முடியாது என்றும் கூறினார். ஸ்காட்லாந்தில் இருந்த டக்ளஸ் 1846-ஆம் ஆண்டு அதற்கு மறுமொழி விடுத்தார். மறுமொழியில் முதலில் இருந்தது நன்றியுரை! தாம் அடிமையாய் இருந்ததே பொய் என்று பலர் சொல்லிவந்த காலத்தில், மேரிலாந்து நாட்டவர் ஒருவரே அதனை மெய்யென்று சான்று கூறினாரே என்று அவர் மகிழ்ந்தார். அவ்வாண்டு டப்ளினில் அச்சான பதிப்பில் தாம்சனின் கடிதத்தையும் தம் மறுமொழியையும் ஒருங்கே சேர்த்துவிட்டார்.

டக்ளஸ் ஸ்காட்லாந்தில் இருந்தது ஏன்? அஞ்சியது நேர்ந்துவிட்டது. நூல் வெளிவந்தபின் அமெரிக்காவில் இருத்தல் பாதுகாப்பு அன்று என்று கருதி, 1845-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் கடல் கடந்து போயினார். மனைவி மக்களைப் பிரிந்து ஏறத்தாழ இரண்டாண்டுகள் அயல்நாட்டில் அலைந்தார். ஆங்கில நண்பர்கள் பணம் திரட்டினர். 1846-ஆம் ஆண்டு டிசம்பரில் 150 பவுன் ஹியூ ஆல்டின் கைக்குச் சேர்ந்தது. டக்ளஸ் சட்டப்படி உரிமை பெற்றார். மனிதனை விலைகொடுத்து மீட்பது அவ்விற்பனையை ஒப்புக்கொண்டதாகும் என்று அடிமை ஒழிப்பாளர் சிலர் குறை கூறினர். தம்மைப் பிடிக்க ஆள் வருமோ என்று இரவில் கதவொலிக்கு அஞ்சாதவர்க்கு அவ்வாறு பேசுதல் எளிது.

தமக்கு இடர் தருவதை ஒளிக்காமல் சொன்ன டக்ளஸ், பிறர்க்கு இடர் தருவதை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ரொட்டிக்கு ஈடாக எழுத்துக் கற்பித்த சிறுவர்கள் பால்டிமோரில் எத்தெருவில் வாழ்ந்தனர் என்று மட்டும் குறித்தார், பெயர்களைக் கூறவில்லை. அடிமைக்கு எழுத்தறிவித்தல் அந்நாட்டில் பெருங்குற்றமாக எண்ணப்பட்டது. நன்றி பாராட்டுவதாக நினைத்துப் பெயரைச் சொன்னால் அது காட்டிக்கொடுத்ததாய் முடியும்.

தப்பிய வழியையும் அவர் மறைத்தார். நூலின் இறுதி இயலில் அதற்குரிய காரணத்தை அவரே கூறுகின்றார். சொன்னால் உதவி செய்தவர்கள் துன்பப்படுவர்; ஆண்டைகள் விழிப்படைந்து அவ்வழியை அடைத்துவிடுவர்; பின்னால் வரவேண்டிய ஒருவன் அங்கே அகப்படுவான். அடிமைகளை ஒளித்து வடக்கே அனுப்பும் உதவிமுறைக்கு ‘நிலத்தடி இருப்புப்பாதை’ என்று பெயர் வழங்கிற்று. அதனைப் பற்றி மேடைதோறும் பெருமையாகப் பேசிய நல்லோரை அவர் கடிந்துகொண்டார். அவர்கள் பேசிப் பேசியே அதனை நிலத்துக்கு மேலே கொண்டுவந்துவிட்டனர் என்பது அவர் மனக்குறை. கதை கேட்போர் மிகுதியும் விரும்புவது தப்பிய கதையை அன்றோ? நூலுக்கு உயிர்நிலையான அப்பகுதியையே அவர் வெறுமையாக விட்டார். எழுதுவோர்க்கு இதனினும் அரிய துறவு வேறொன்று உண்டோ என்பது ஐயம்.

அவர் அஞ்சியது வீண் அச்சம் அன்று. 1849-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் விர்ஜினியாவில் ரிச்மண்டு நகரத்து அடிமை ஹென்றி பிரௌன் என்பவர், மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள மரப்பெட்டியில் தம்மை அடைத்துக்கொண்டு, சரக்கைப் போல் பிலடெல்பியா நகரத்துக்கு அனுப்பப்பட்டார். ஏறத்தாழ 27 மணி நேரம் பெட்டிக்குள் இருந்து உயிரோடு வெளிவந்தார். அதே ஆண்டில் அந்த வியத்தகு செய்தி அச்சேறி எங்கும் பரவியது. பெட்டியை அனுப்பித்தந்த ஸ்மித் என்பவர் மீண்டும் இருவரை அவ்வாறே அனுப்ப முயன்ற பொழுது அகப்பட்டுச் சிறைப்பட்டார். அவ்வழி மறைவாய் இருந்திருந்தால் ஆண்டுதோறும் ஆயிரவர் அதில் வந்திருக்கலாமே என்று டக்ளஸ் 1855-ஆம் ஆண்டு வெளியிட்ட இரண்டாம் தன்வரலாற்று நூலில் வருந்தினார்.

டக்ளஸின் நூலில் குறைகளும் உள. அவர் தப்புதற்குப் பொருளுதவி செய்து, பின்னர் நியூ யார்க்கில் அவரை மணந்தவர் ஆன்னா மரே என்னும் நல்லாள். அடிமையல்லாத கறுப்பினப் பெண். அவர் எழுத்தறியாதவர், பால்டிமோரில் பிறர் வீட்டில் பணிசெய்து ஈட்டியதைத் தந்தவர். முதல் நூலில் அவரைப் பற்றிய செய்தி திருமணத்தளவில் நின்றுவிடுகின்றது. அப்பொழுது மறைத்தது முறையாகலாம். இடர் நீங்கிய பின்னும் மற்ற நூல்களில் அவர்க்குக் கிடைத்த இடம் சிறிதே என்பது மறுக்கவியலாத உண்மை.

மற்றொன்று, பாட்டியைப் பற்றியது. பிரெடரிக்கை வளர்த்தவர் பெட்சி பெய்லி என்னும் பாட்டி. ஆண்டையின் குடும்பத்துக்கு வாழ்நாளெல்லாம் உழைத்த அம்மூதாட்டியை, முதுமையில் காட்டிலுள்ள குடிசையில் தன்னந்தனியே சாக விட்டனர் என்று டக்ளஸ் முதல் நூலில் எழுதினார். படிப்பவர் மனத்தை மிக உருக்கிய பகுதி அது. 1848-ஆம் ஆண்டு, தம் முன்னாள் ஆண்டை தாமஸ் ஆல்டுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிய பொழுதும் இக்குற்றத்தை அவர்மேல் சுமத்தினார். தாமஸ் ஆல்டு, முன் கூறிய ஹியூவின் உடன்பிறந்தார். பின்னர்ச் செய்தி வேறாகத் தெரிய வந்தது. ஆல்டு அம்மூதாட்டியைத் தம் இல்லத்துக்கு அழைத்து வைத்துப் பேணினார் என்று டக்ளஸ் அறிந்தார். உடனே 1849-ஆம் ஆண்டு, தாம் நடத்திய ‘வடக்கு விண்மீன்’ என்னும் இதழில், முன்பு கூறியது தவறு என்று பலரறிய எழுதினார். அடிமை முறையை எதிர்க்கும் நூலில் உள்ள உருக்கமான பகுதி ஒன்று தவறு என்று ஒப்புக்கொள்வது எதிரிக்குப் படைக்கலம் கொடுப்பதாகும் என்று அவர் எண்ணி வாளாவிருந்திருக்கலாம். அவ்வாறு இருந்தாரல்லர்.

உள்நாட்டுப் போருக்குப் பின், 1865-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தால் அமெரிக்கா முழுவதும் அடிமை முறை ஒழிந்தது. தப்பிச் செல்ல வேண்டியவர் எவரும் இலர். அடைக்கப்படுவதற்கு வழியும் இல்லை. 1881-ஆம் ஆண்டு வெளியிட்ட மூன்றாம் தன்வரலாற்று நூலில் டக்ளஸ் அந்தப் பழைய மறைபொருளை விரிவாக எழுதினார். கப்பலோட்டி நண்பர் ஒருவர் தம் கடல்தொழில் சான்றிதழைக் கடனாகக் கொடுத்தாராம். அதில் எழுதியிருந்த அங்க அடையாளங்கள் டக்ளஸுக்குப் பொருந்தா. நண்பர் நிறத்தால் மிகவும் கறுத்தவர். சிவப்புச் சட்டையும் மாலுமித் தொப்பியும் அணிந்து, புகைவண்டி புறப்படும் நேரத்தில் தாவி ஏறினார். சீட்டுப் பார்ப்பவர், உரிமைச்சீட்டு எங்கே என்று கேட்டார். சான்றிதழின் தலைப்பில் பொறித்திருந்த அமெரிக்கக் கழுகைக் கண்டதும் மேலும் படியாமல் போய்விட்டார். வழியில் டக்ளஸை அறிந்த கொல்லர் ஒருவர், செருமானியர், உற்று உற்றுப் பார்த்தார். அறிந்துகொண்டும் வாய் திறவாமல் இருந்துவிட்டார் போலும் என்று டக்ளஸ் கருதினார். புகைவண்டியிலும் படகிலும் நீராவிக் கப்பலிலும் மாறி மாறிச் சென்று, ஒரு நாள் முடிவதற்குள் நியூ யார்க்கை அடைந்தார்.

அந்நூலிலேயே மற்றொரு நிகழ்ச்சியும் வருகின்றது. 1877-ஆம் ஆண்டு தாமஸ் ஆல்டு நோயுற்று இறுதிப் படுக்கையில் இருந்தார். டக்ளஸ் அப்பொழுது தலைநகர வட்டாரத்தில் மார்ஷல் என்னும் உயர்பதவியில் இருந்தவர். மேரிலாந்துக்குச் சென்று அவர் தம் பழைய ஆண்டையைக் கண்டார். ஆல்டு அவரை ‘மார்ஷல் டக்ளஸ்’ என்று விளித்தார்; தம்மைப் பழையபடி பிரெடரிக் என்றே அழைக்குமாறு டக்ளஸ் கேட்டுக்கொண்டார். ஆல்டின் கண்களில் நீர் பெருகிற்று. பாட்டியைப் பற்றித் தாம் எழுதிய தவற்றை டக்ளஸ் நேரிலும் எடுத்துச் சொன்னார். அம்மூதாட்டி தமக்கு உரியவளாய் இருந்ததே இல்லை என்றும், எனினும் அவளைக் கொணர்ந்து அவள் உயிரோடு இருந்த வரையில் காத்ததாகவும் ஆல்டு கூறினார். டக்ளஸ் தப்பி ஓடியதைப் பற்றி என்ன எண்ணினார் என்று கேட்டதற்கு, அவர் இடத்தில் தாம் இருந்தாலும் அதனையே செய்திருப்பதாக ஆல்டு விடையளித்தார்.

பின்னர் டக்ளஸ், தாம் பிறந்த நாள் எது என்று அவரைக் கேட்டார். அதனை அறியாதது தமக்கு வாழ்நாளெல்லாம் ஒரு குறையாகவே இருந்து வந்தது என்றார். நாள் தமக்குத் தெரியாது என்றும், 1818-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதமாக இருக்கலாம் என்று நினைப்பதாகவும் ஆல்டு மறுமொழி கூறினார். டக்ளஸ் 1895-ஆம் ஆண்டு காலமானார். அவருடைய முதல் ஆண்டையின் கணக்கேடு ஒன்றைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். அதில் ஹாரியட்டின் மகன் பிரெடரிக் பிறந்த குறிப்பு உளது. ஆல்டு சொன்ன மாதமும் ஆண்டுமே அதில் காணப்படுகின்றன, நாள் எழுதப்படவில்லை.